ட்ராபிக் பொலிஸ் எழுதிய தண்டம்: மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பில் தபாலகக் கவுண்டரில் நீண்ட காலம் வேலை செய்தவன் நான். முத்திரைக்கும் மின்சார பில்லுக்கும் வருகிறவர்கள் சத்தமில்லாமல் வந்து போவார்கள். பொலிஸ் எழுதிய தண்டத்தாளோடு வருகிறவர்கள் அப்படி வருவதில்லை. தாளைக் கவுண்டரில் வைக்கும்போதே முகம் மாறியிருக்கும். காசை எண்ணி முடிப்பதற்குள் முழுக் கதையும் வந்துவிடும். அந்தக் கதைகளோடு வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. வழக்காடும் எண்ணம் இருப்பவர்கள் ஒரு சட்டத்தரணியைப் பார்க்கத்தான் வேண்டும். மற்ற எல்லாருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

சந்திக் கடை வரைக்கும்தான் போனேன். அதுக்கும் ஹெல்மெட் இல்லையென்று எழுதலாமா?

எழுதலாம். சட்டம் தூரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஓட்டுகிறவர், பின்னால் இருக்கிறவர் இரண்டு பேருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2018 ஜூலையில் திருத்தி நடைமுறைக்கு வந்த பட்டியலில் இதற்கு 1000 ரூபாய். லைசன்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் 1000, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாலும் 1000. வீதி ஒழுங்கை மீறினால் 2000. வேகத்துக்கு 3000 இலிருந்து தொடங்கி, எவ்வளவு கூடப் போனீர்கள் என்பதைப் பொறுத்து ஏறும்.

என் கவுண்டருக்கு வந்த ஹெல்மெட் தண்டங்களில் பாதிக்கு மேல் பின்னால் இருந்தவருக்காக எழுதியவை. மாமாங்கத் திருவிழாக் காலம் வந்தால் இது கூடும். தலை நிறையப் பூ வைத்துச் சேலை உடுத்துப் பின்னால் ஏறும் மனைவியிடம் ஹெல்மெட்டைப் போடு என்று எந்தக் கணவன் சொல்வான்? அந்தச் சங்கடம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் இந்த ஒரு தண்டத்தில் நான் யார் பக்கமும் வாதாட மாட்டேன். நம்முடைய நாட்டில் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் வீதியில் சாகிறார்கள், அதில் மோட்டார் சைக்கிளில் போனவர்களின் பங்குதான் பெரிது. கோயிலுக்குப் போகிற வழியிலும் அதே பஸ்தான் வருகிறது, அதே டிப்பர்தான் வருகிறது. பூவைக் கையில் கொண்டுபோய்க் கோயில் வாசலில் வைத்துக்கொள்ளலாம்.

தாள் எழுதிய பிறகு என்ன நடக்கும்?

உங்கள் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு தண்டத்தாளைத் தருவார்கள். அந்தத் தாள்தான் 14 நாளைக்கு உங்களுடைய தற்காலிக லைசன்ஸ். அதோடு நீங்கள் தாராளமாக வண்டி ஓட்டலாம். பொலிஸ் மறித்தால் அதைக் காட்டினால் போதும். இது தெரியாமல் மோட்டார் சைக்கிளை வீட்டில் போட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

அந்த 14 நாளுக்குள் ஏதாவது ஒரு தபாலகத்தில் காசைக் கட்டி ரசீதை எடுத்து, தாள் எழுதிய பொலிஸ் நிலையத்தில் கொடுத்து லைசன்ஸை மீட்க வேண்டும். கல்முனையில் எழுதிய தண்டத்தை வாழைச்சேனையில் கட்டலாம். லைசன்ஸை எடுக்க மட்டும் கல்முனைக்குத்தான் போக வேண்டும். தபாலகம் சிறிய சேவைக் கட்டணமும் எடுக்கும், அதனால் தாளில் உள்ள தொகையை மட்டும் சரியாக எண்ணிக் கொண்டுவராதீர்கள்.

தாளைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள். வாகன இலக்கம், உங்கள் பெயர், லைசன்ஸ் இலக்கம், குற்றம், தொகை, திகதி. சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்து வியர்வையில் ஊறி, எழுத்து மொத்தமும் நீலமாகப் பரவிப் போன தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1000 ஆ 2000 ஆ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும். போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் அந்தக் கரைச்சல் இல்லை.

14 நாள் தாண்டிவிட்டது. இப்போது?

28 நாள் வரைக்கும் இரட்டிப்பாகக் கட்டலாம். அதுவும் தாண்டினால் நீதிமன்றம்தான். கடைசி நாள் வரைக்கும் இழுக்காதீர்கள். போயா, பொங்கல், பெருநாள் என்று தபாலகம் பூட்டியிருக்கும் நாட்கள் இடையில் வரும்.

ஒன்லைனில் கட்ட முடியாதா?

2025 இல் அரசாங்கம் கோவ்பே என்ற கொடுப்பனவு முறையைத் தொடங்கியது. அதே வருடம் ஏப்ரலில் குருணாகல் முதல் அனுராதபுரம் வரையான வீதியில் தண்டப்பணத்துக்குப் பரீட்சித்துப் பார்த்து, பிறகு படிப்படியாக மற்ற இடங்களுக்கும் கொண்டுபோனார்கள். போனிலேயே கட்டினால் லைசன்ஸை அந்த இடத்திலேயே திருப்பித் தந்துவிட வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். எழுதுகிற உத்தியோகத்தரிடமே "கோவ்பேயில் கட்டலாமா?" என்று கேளுங்கள். நான் தபாலகத்தில் இருந்தவன் என்றாலும் சொல்கிறேன், இது நல்ல முறை. வாகரையிலோ திருக்கோவிலிலோ இருந்து டவுனுக்கு வந்து பிடிபட்ட ஒருவர் லைசன்ஸுக்காகத் திரும்பவும் ஒரு நாளைத் தொலைக்க வேண்டியதில்லை. காசு கைமாறும் சந்தர்ப்பமும் அதோடு போய்விடும்.

குற்றத்தைச் சிங்களத்தில் எழுதித் தந்துவிட்டார். எனக்கு வாசிக்கத் தெரியாது.

என் கவுண்டரில் மனதை அதிகம் நோகடித்த கேள்வி இது. ஐம்பது வயது மனிசன், ஓட்டோ ஓட்டுகிறவர், தாளை என்னிடம் நீட்டி "தம்பி, நான் என்ன பிழை விட்டன் எண்டு இதில எழுதியிருக்கு?" என்று கேட்பார். தண்டத்தைக் கட்டக் காசு கையில் இருக்கிறது; எதற்குக் கட்டுகிறார் என்பது தெரியாது. எனக்கும் கொஞ்சச் சிங்களம்தான் வாசிக்கத் தெரியும். பக்கத்தில் இருந்த இன்னொருவரிடம் கேட்டுச் சொல்வேன்.

1987 இல் அரசியலமைப்புக்கு வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இல் வந்த பதினாறாம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்று சொல்கிறது. அரச உத்தியோகத்தரோடு தமிழில் அலுவல் பார்க்கவும், தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. இதை வீதியில் நின்று சட்டப் புத்தகம் போல ஒப்புவிக்கச் சொல்லவில்லை. "சேர், என்ன குற்றம் எண்டு தமிழில ஒருக்கா சொல்லுங்க" என்று கேட்டால் போதும். அவருக்குத் தமிழ் வராவிட்டால் கூட நிற்கிறவரில் யாருக்காவது வரும். விளங்கும் வரைக்கும் கேளுங்கள். பொறுமையாகச் சொல்லித் தருகிற சிங்கள உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், இருக்கும் தமிழை வைத்துச் சமாளித்தாவது சொல்லிவிடுவார்கள். அப்படி விளங்கவைத்தவர் எழுதிய தண்டத்தைக் கட்ட வந்தவர்கள் என்னிடம் சத்தம் போட்டதே இல்லை.

"ஐந்நூறைத் தந்திட்டுப் போ" என்றால்? நேரமும் மிச்சம், காசும் மிச்சம்தானே?

கொடுக்காதீர்கள். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் வாங்குகிறவர் மட்டுமில்லை, கொடுக்கிறவரும் குற்றவாளி. கேட்டால் 1954 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலஞ்ச ஆணைக்குழுவுக்குச் சொல்லலாம்.

சட்டத்தை விடுங்கள். நீங்கள் நீட்டுகிற அந்த ஐந்நூறு அடுத்த ஆளின் விலையை முடிவு செய்துவிடுகிறது. நாளைக்கு அதே இடத்தில் மறிக்கப்படுகிறவர் மீன் வித்துவிட்டு வருகிற ஆளாக இருக்கலாம். பிழை ஒன்றும் இல்லாவிட்டாலும் அவர் பையைத் தடவ வேண்டிவரும். "இவனுகள் எல்லாம் காசுக்குத்தான் நிக்கிறானுகள்" என்று திட்டுகிற அதே ஆள் போன மாதம் நோட்டை லைசன்ஸுக்குள் மடித்து வைத்துக் கொடுத்தவராக இருப்பதையும் கண்டிருக்கிறேன். தண்டத்தாளை எழுதச் சொல்லுங்கள். தபாலகத்தில் கட்டுகிற காசு அரசாங்கத்துக்குப் போகும், கையில் ரசீது இருக்கும்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். போன் எடுத்துக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள்.

விடலாம். அப்படி யாரும் தெரியாதவர்கள்தான் பிறகு முழுத் தண்டத்தையும் கட்டுகிறார்கள்.

நான் அந்தப் பிழையைச் செய்யவே இல்லை. என்ன செய்வது?

தண்டத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். ஒப்புக்கொள்ள விருப்பமில்லை என்றால் கட்டாமல் விட்டு, வழக்கு வரும்போது நீதவான் நீதிமன்றத்தில் சுற்றவாளி என்று சொல்லலாம். மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று நம்முடைய பகுதியில் நீதிமன்றங்கள் கிட்டத்தான் இருக்கின்றன. சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்கு நிலையங்கள் உண்டு.

ஆனால் நாளையும் கணக்குப் போடுங்கள். ஒரு தவணைக்கு ஒரு நாள் கூலி போகும், வழக்கு ஒரு தவணையில் முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. 1000 ரூபாய்க்காக மூன்று நாலு நாள் கூலியை இழக்க முடியாதென்று, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அது அவர்களின் கோழைத்தனம் இல்லை. ஏழைக்கு நியாயம் கேட்பது தண்டத்தை விடச் செலவாக இருக்கிறது. இந்தப் பட்டியல் முழுவதிலும் எனக்கு மிகப் பெரிய அநியாயமாகத் தெரிவது இதுதான். வீதியில் கமரா வைத்துப் பதிவு செய்து, வேண்டியவர் அந்தப் படத்தைப் பார்க்க முடிந்தால் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

மது போதையில் ஓட்டுவது, லைசன்ஸே எடுக்காமல் ஓட்டுவது, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவது, ரயில் கடவையில் விதியை மீறுவது இவையெல்லாம் தபாலகத்தில் கட்டி முடிக்கிற விஷயம் இல்லை. நேரே நீதிமன்றம், தண்டமும் குறைந்தது 25,000 ரூபாய்.

மண் டிப்பர் பறக்குது, அதை விட்டுட்டு ஏன் எங்களைப் பிடிக்கிறார்கள்?

மோட்டார் சைக்கிளை மறிப்பது லேசு. கையைக் காட்டினால் நிற்கும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் முதலாளியும் இல்லை, வாகனத்தில் ஏற்றிய சரக்கும் இல்லை. விடிய முந்தி ஊர் வீதிகளில் ஓடும் மண் டிப்பரையும், ஒன்றையொன்று முந்தப் போட்டிபோட்டு ஓடும் தூர பஸ்ஸையும் பிடிக்க ஆள் வேண்டும், வேகம் அளக்கும் கருவி வேண்டும், மேலிருந்து வருகிற அழைப்புக்கு அசையாத மேலதிகாரியும் வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் தங்கள் பிழையை மறைக்கக் கேட்கிறார்கள் என்று சில பொலிசார் சொல்வார்கள். நான் ஏற்க மாட்டேன். ஒருவர் ஹெல்மெட் போடாததும் பிழைதான், டிப்பரை விடுவதும் பிழைதான். இரண்டாவது பிழையால் சாகிறவர்கள் பெரும்பாலும் டிப்பருக்குள் இருப்பவர்கள் இல்லை.

பிரதேச செயலக மட்டத்தில் ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் நடக்கின்றன, பொலிஸ் நிலையங்களோடு சேர்ந்து இயங்கும் சிவில் பாதுகாப்புக் குழுக்களும் இருக்கின்றன. எந்த வீதி, எத்தனை மணி, எந்தப் பாடசாலைக்கு முன்னால் என்று விபரமாக எழுதிக் கொண்டுபோய் அங்கே வையுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு என்னோடு கத்தியவர்கள் பத்துப் பேர் சேர்ந்து அப்படி ஒரு கடிதம் எழுதினால் நன்றாக இருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

ஆயிரம் ரூபாய்க்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் வருகிறது? எனக்கே விளங்கவில்லை.

காசுக்கு வருகிற ஆத்திரம் மட்டும் இல்லை இது. சீருடையில் ஒருவர் கையைக் காட்டி வண்டியை ஓரம் கட்டச் சொல்லும்போது, நாற்பது வயதுக்கு மேற்பட்ட நம்முடைய ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மோட்டார் வாகனச் சட்டம் இல்லை. யுத்தத்தின்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையில் நடந்து மற்றப் பக்கம் ஏறிய காலம் ஞாபகம் வரும். "எங்க போறாய்? ஏன் போறாய்? யாரைப் பார்க்க?" அந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்லியும் வீட்டுக்கு வராமல் போனவர்கள் நம்முடைய தெருக்களில் இருந்தார்கள். அவசரகாலச் சட்டம் 2011 இல்தான் முடிவுக்கு வந்தது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு மறுபடியும் சோதனைகள். அப்போது காத்தான்குடிப் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் தமிழர்களுக்குப் பழகிப்போன அதே பார்வையைத் தாங்க வேண்டியிருந்தது.

ஆகவே இருபத்தைந்து வயதுப் பொலிஸ்காரர், தகப்பன் வயது ஆளைப் பார்த்து "ஏய், லைசன்ஸை எடு" என்றால், அது அவருக்கு ஒரு சாதாரண வேலை நாளின் வார்த்தை, கேட்கிறவருக்கு அப்படியில்லை. "ஐயா, லைசன்ஸைக் காட்டுங்க" என்று சொல்ல ஒரு சதமும் செலவில்லை. இதைப் பொலிஸ் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும், கிழக்குக்கு அனுப்பும் ஆட்களுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அப்படியென்றால் பொலிஸே வேண்டாமா?

வேண்டும். பாடசாலை விடும் நேரத்தில் கல்முனை வீதியில் நின்று பாருங்கள். ஒரு கான்ஸ்டபிள் நடுவெயிலில் மஞ்சள் கடவையில் கையை நீட்டி நிற்பார், பஸ்ஸும் ஓட்டோவும் நிற்கும், பிள்ளைகள் புத்தகப் பையோடு கூட்டமாகக் கடப்பார்கள். கடைசியாக ஓடிவருகிற சின்னப் பிள்ளைக்காக நீட்டிய கையை இறக்காமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். அந்தக் கைக்குச் சட்டத்தின் பலம் இல்லாவிட்டால் பஸ் நிற்காது.

2018 நவம்பர் 30 அன்று வவுணதீவில் சோதனைச் சாவடியில் இரவுக் கடமையில் நின்ற இரண்டு பொலிஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் சிங்களவர், ஒருவர் தமிழர். முதலில் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டவர் முன்னாள் போராளி ஒருவர். 2019 தாக்குதலுக்குப் பிறகுதான் அதைச் செய்தது அந்தத் தாக்குதலை நடத்திய குழு என்று தெரியவந்தது. இந்த ஒரு சம்பவத்திலேயே நம்முடைய பகுதியில் பொலிஸ் உத்தியோகத்தின் ஆபத்தும் தெரிகிறது, பொலிஸ் சந்தேகத்தின் பாரம் யார் தலையில் முதலில் விழுகிறது என்பதும் தெரிகிறது. நான் கேட்பது தண்டம் எழுதாத பொலிஸை இல்லை. எழுதும்போது காரணத்தைச் சொல்கிற, ஆளுக்கு ஆள் மாறாமல் எழுதுகிற, மரியாதையாகப் பேசுகிற பொலிஸை.

மாகாண சபைக்குப் பொலிஸ் அதிகாரம் வந்தால் இது மாறுமா?

பதின்மூன்றாம் திருத்தத்தில் மாகாணப் பொலிஸ் பிரிவு எழுத்தில் இருக்கிறது, நடைமுறைக்கு வரவில்லை. வந்தால் மொழிப் பிரச்சினை பெரும்பாலும் தீரும் என்றே நினைக்கிறேன். லஞ்சமும் "தெரிந்தவர்" போனும் தானாகத் தீராது. அவற்றை நாம்தான் தமிழில் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

மரியாதை இல்லாமல் பேசினார், அடிக்கக் கை ஓங்கினார். யாரிடம் சொல்வது?

அந்த இடத்தில் பதிலுக்குப் பதில் பேச வேண்டாம். கடமைக்கு இடையூறு என்று இன்னொரு வழக்குச் சேரும், ஆயிரத்தோடு முடிய வேண்டியது நீளும். சீருடையில் இருக்கும் இலக்கத்தையும் நேரத்தையும் இடத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ட ஒருவரின் பெயரையும் கேட்டு வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அப்படியே எழுதுங்கள், அவர் சொன்ன வார்த்தைகளோடு. முதலில் அந்த நிலையத்தின் பொறுப்பதிகாரி, பிறகு அவருக்கு மேலே உள்ளவர்கள். அங்கே அசைவில்லை என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு. பொதுமக்கள் முறைப்பாட்டை விசாரிப்பது அதன் வேலைகளில் ஒன்று. கை வைத்தார், பிடித்து அடைத்தார் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு. அதற்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன, 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள்.

காசு கட்டிவிட்டேன். லைசன்ஸை எடுக்கப் போனால் "நாளைக்கு வா" என்கிறார்கள்.

ரசீதைக் கொடுத்தால் லைசன்ஸைத் தர வேண்டும். எழுதிய உத்தியோகத்தர் லீவு, அலுமாரித் திறப்பு இல்லை என்று சொன்னால் பொறுப்பதிகாரியைச் சந்திக்க வேண்டும் என்று அமைதியாகச் சொல்லி வாங்கில் உட்காருங்கள். தபாலக முத்திரை பதித்த ரசீதைக் கையை விட்டுக் கொடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்துவையுங்கள், அதைத் தொலைத்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னால் உங்கள் கையில் வேறு ஆதாரம் இருக்காது. காலை நேரத்தில் போவது நல்லது. பின்னேரம் ஆட்கள் வீதிக் கடமைக்குப் போய்விடுவார்கள். லைசன்ஸைத் தந்ததும் வாசலுக்கு வருவதற்கு முன் பெயரைப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிற ஊர் இது, மாறிக் கொடுத்த லைசன்ஸோடு என்னிடம் வந்து கேட்டவர்களும் இருக்கிறார்கள்.